ரோல்ஃபுக்காக வாங்கிய ஒப்ஷன்

விலை விழும்போது பண்ணைக்காரர் அழிகிறார் என்று உங்களுக்குப் பாடப்புத்தகத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் கண்டவரையில் அவர் விலை ஏறும்போதே அழிந்துவிடுகிறார். விழும்போது அந்த விசயம் ஊருக்குத் தெரியவருகிறது, அவ்வளவுதான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது புத்தி சொல்லி எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் புத்தி கேட்பது ஒஸ்லோ அலுவலகங்களில் ஒரு மரியாதை. அதன்படி நடப்பது அந்த மரியாதைக்குள் அடங்காது. போன கிழமை வந்து உங்களையும் பார்த்தேன். இங்கே பிறந்தவர்கள் என்னைப் பெயர் சொல்லி அழைக்கிறீர்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள் 'சார்' என்கிறீர்கள், நான் கதைப்பதைக் கேட்டு ஒளித்துச் சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, நீங்கள் கதைப்பதைக் கேட்டு நான் வீட்டுக்குப் போய்ச் சிரித்தேன். உங்கள் மேசையில் ஆளுக்கு மூன்று திரைகள் இருக்கின்றன. என் காலத்தில் ஒரு திரையும் ஒரு தொலைபேசியும்தான். பிழை விடுவதற்கு அதுவே தாராளமாகப் போதுமாக இருந்தது.

நான் திருகோணமலையிலிருந்து படிக்க வந்து, எங்கள் ஆட்கள் பலரைப் போல முதலில் வடக்கே போய் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவன். பிறகு ஒஸ்லோவில் வணிகம் படித்து இந்தத் தரகு வேலைக்கு வந்தேன். மீன் வெட்டுவதை விட்டுவிட்டு மீன்காரரின் கழுத்தை வெட்டப் போனவன் என்று ஹவுகெட்டோவில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் இன்றைக்கும் பகிடி பண்ணுவார். அவருக்கு நான் என்ன வேலை செய்தேன் என்று கடைசிவரை விளங்கவில்லை. என் வாடிக்கையாளர் பலருக்கும் விளங்கவில்லை, ஆகவே அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்த நாட்டில் பன்றி வளர்ப்பவரும் மாடு வளர்ப்பவரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். அவர்களுடைய விலையை அரசும் கூட்டுறவுச் சங்கங்களும் கூடி உட்கார்ந்து கோப்பி குடித்துத் தீர்மானித்துவிடும். சந்தையின் கையில் விடப்பட்ட ஒரே வளர்ப்புப் பிராணி சல்மன். குஞ்சைக் கடல் கூட்டுக்குள் விட்டால் அது விற்கும் அளவுக்கு வளர ஒன்றரை வருடம் பிடிக்கும். தீனியை இன்றைய விலைக்கு வாங்க வேண்டும், மீனை என்ன விலைக்கு விற்போம் என்று கடவுளுக்கும் தெரியாது. அதனால்தான் இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் மீனுக்கும் பியூச்சர்ஸ் வந்தது. வருங்கால அறுவடையில் ஒரு பங்கை இன்றே ஒரு விலைக்குப் பூட்டி வைப்பது. பின்னர் விலை விழுந்தால் மீனில் போவதைப் பியூச்சர்ஸ் தரும். விலை ஏறினால் மீனில் வருவதைப் பியூச்சர்ஸ் எடுத்துக்கொள்ளும். எப்படிப் போனாலும் பூட்டிய விலைதான் கையில் நிற்கும். இதை விளங்கிக்கொள்ள பெரிய மூளை தேவையில்லை. தாங்கிக்கொள்ளத்தான் மனிதர்களால் முடிவதில்லை.

அலுவலகத்தில் எங்கள் பகுதிக்குத் தலைவராக ஒருவர் இருந்தார். மதியத்தில் முட்டை வைத்த பாணைத் தின்றுகொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதைத் தவிர அவர் வேலை செய்து நான் கண்டதில்லை. ஆனால் அவர் சொன்ன இரண்டு விசயங்களை வைத்துத்தான் நான் இத்தனை வருடம் பிழைத்தேன். முதலாவது, ஊரில் எல்லோருக்கும் விலை விழுந்தால் பண்ணைக்காரன் பொறுத்துக்கொள்வான், அவனுக்கு ஓரளவு கிடைத்துப் பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் கூடக் கிடைத்தால் அவனால் ஒரு நாளும் பொறுக்க முடியாது என்பது. இரண்டாவது, பூட்டியதைத் திறக்கச் சொல்லி ஒருவன் அழைத்தால் வாதாடாதே, அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேள் என்பது. அந்தக் கேள்வியை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலாவதைக் கேட்டபோது இது நோர்வேக்காரரின் வியாதி என்று நினைத்தேன். பிறகு இலையுதிர் காலம் வந்தது. இந்த நாட்டில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் யார் எவ்வளவு உழைத்தார், எவ்வளவு வரி கட்டினார் என்று ஊரறிய வெளியிடுவார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் வரும், இணையத்தில் பெயரைப் போட்டும் பார்க்கலாம். அந்தக் கிழமை கோயில் மண்டபத்தில் பூசையைவிட அதுதான் சிரத்தையாக நடக்கும். அம்மருட்டிலிருந்து வரும் ஒரு மட்டக்களப்பு நண்பர் என் வருமானத்தை எனக்கு முதலே பார்த்துவிட்டு, "அண்ணை, போன வருசத்தைவிடக் குறைஞ்சுபோச்சு, சுகமில்லையோ?" என்று அக்கறையாக விசாரிப்பார். நானும் சும்மா விடுவதில்லை. அவருடையதை முந்தின நாளே பார்த்து வைத்திருப்பேன். ஆகவே வியாதி யாருடையது என்ற ஆராய்ச்சியை அத்துடன் விட்டுவிட்டேன்.

சரி, கதைக்கு வருவோம். வடக்கே ஒரு தீவில் ஆர்னே என்று ஒரு பண்ணைக்காரர் எங்கள் வாடிக்கையாளர். அவருடைய பண்ணையில் கணக்குகளைப் பார்த்தவள் சுகந்தினி. தாயும் தகப்பனும் அந்தத் தீவின் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். நடக்கப் பழகும் வயதில் அங்கே போய், தீவுக்காரரின் மொழியைத் தீவுக்காரரைவிட அழுத்தமாகக் கதைத்து, வெளியே போய்ப் படித்துவிட்டு, படித்தவர் யாரும் செய்யாத விதமாகத் திரும்பவும் தீவுக்கே வேலைக்கு வந்தவள். வருங்கால மீனில் பாதியைப் பியூச்சர்ஸில் பூட்டுவோம் என்று ஆர்னேயைச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான். அவருக்கு அதில் விருப்பமே இல்லை. தீனிக்குக் கடன் கொடுத்த வங்கியும் அதையே சொன்னதால்தான் தலையாட்டினார்.

பூட்டிய கையோடு விலை ஏறத் தொடங்கியது. ஒரு மாதம், இரண்டு மாதம், நிற்காமல் ஏறியது. விலை ஏற ஏற, பூட்டி வைத்தவர் கூடுதல் பிணைப்பணம் வைக்க வேண்டும். ஒவ்வொரு கிழமையும் சுகந்தினி வங்கியைக் கேட்பாள், வங்கி கொடுக்கும், ஆர்னே பெருமூச்சு விடுவார். கூட்டுக்குள் நிற்கும் மீனும் அதே அளவு பெறுமதி கூடிக்கொண்டு போவது அவருடைய கண்ணுக்குத் தெரியவில்லை. மீன் தண்ணீருக்குள் இருந்தது. பிணைப்பணக் கடிதம் மேசையில் இருந்தது.

அதைக்கூடத் தாங்கியிருப்பார். தாங்க முடியாதது ரோல்ஃப். ரோல்ஃப் ஆர்னேயின் மனைவியின் தம்பி, எதிர்க்கரையில் பண்ணை வைத்திருந்தவர். ஒரு மீனையும் பூட்டவில்லை. விலை ஏறியதும் புதுப் படகு ஒன்று வாங்கி, கட்டுவதற்கு எத்தனையோ இடம் இருக்க, ஆர்னேயின் குசினி ஜன்னலுக்கு நேரே கட்டினார். ஆர்னே காலையில் கோப்பியை நின்றபடி முதுகைக் காட்டிக்கொண்டு குடிக்கப் பழகினார் என்று சுகந்தினி சொன்னாள். தீவில் கதை வேறு விதமாகப் போனது. கடையில் சாமான் வாங்கப் போன சுகந்தினியின் தாயிடம், உன் மகள்தானே எங்கள் மீனை மலிவாக விற்றவள் என்று ஒரு மனுசி கேட்டாளாம். இருபது வருடம் அந்தத் தீவில் குளிரில் நின்று மீன் வெட்டிய தாய் அன்றைக்குச் சாமானை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது.

ஈஸ்டர் வந்தது. ஈஸ்டருக்கு என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பீர்கள். நாடே ஹித்தைக்குப் போய்விடும். சென்னையிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், ஹித்தை என்றால் மலையில் இருக்கும் மரவீடு. நல்ல வீட்டில் மின்சாரமும் வெந்நீரும் இருக்க, அவை இல்லாத இடத்துக்குப் போய்த் தோடம்பழம் தின்பதை நோர்வேக்காரர் விடுமுறை என்பார்கள். ஐரோப்பா முழுவதும் ஈஸ்டருக்குச் சல்மன் கேட்டு விலை துள்ளும் அதே கிழமையில், அந்தச் சல்மனுக்குச் சொந்தக்காரர் எல்லோரும் பனிக்குள் சறுக்கிக்கொண்டிருப்பார்கள். எங்கள் அலுவலகமும் அப்படியே. ஹித்தை இல்லாதவன் நான் ஒருவன், ஆகவே ஒவ்வொரு வருடமும் சந்தையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். அந்த முறை வருசப் பிறப்பும் பெரிய வெள்ளியும் ஒன்றாக வந்தன. வேளைக்கு வீட்டுக்கு வரும்படி ரொம்மனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். புதன்கிழமை மதியத்தோடு சந்தை மூடிவிடும் என்று நானும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆர்னே குடும்பத்துக்கும் ரோல்ஃப் குடும்பத்துக்கும் ஆர்னேயின் மாமனார் விட்டுப்போன ஒரே ஹித்தை. இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து முழுக் கிழமையும் கழிக்க வேண்டும். அதில் மூன்றாம் நாள், புதன்கிழமை காலை, ஆர்னே தொலைபேசித் தொடர்பு கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, சுகந்தினியை அழைத்து, பூட்டியதெல்லாவற்றையும் இன்றைக்கே திரும்ப வாங்கு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அவள் என்னை அழைத்தாள். குரல் வழமையாக இருந்தது, அதுவே சரியில்லை என்று பட்டது.

"அண்ணை, ஷேஃப் எல்லாத்தையும் திருப்பி வாங்கச் சொல்லிப்போட்டார். சந்தை மூட முதல் செய்ய வேணுமாம்."

ஷேஃப் என்றால் இங்கே முதலாளி. இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் ஓடர் தந்தால் போட வேண்டியதுதான். நாங்கள் குருமார் இல்லை, தரகர்கள். பூட்டைத் திறப்பதென்றால் முன்பு மலிவாக விற்றதை இன்றைய ஏறிய விலைக்குத் திரும்ப வாங்குவது. அப்படி வாங்கினால் அந்த நட்டம் அத்தோடு நிலைத்துவிடும், மீனுக்கும் காப்பு இருக்காது, பிறகு விலை விழுந்தால் தீனிக் கடனில் பண்ணை போகும். பண்ணை போனால் மலிவாக விற்றவள் என்ற பெயரோடு சேர்த்து, கூடிய விலைக்குத் திரும்ப வாங்கிக் கெடுத்தவள் என்ற பெயரும் அவளுக்கே வரும். ஆர்னேயின் பெயரை யாரும் சொல்லப்போவதில்லை. வாங்காமல் விட்டு விலை இன்னும் ஏறினால், முதலாளி சொல்லைக் கேளாதவள் என்று வேலை போகும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாதாடுவதில் பிரயோசனமில்லை. தலைவர் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"உங்களிட்டை இண்டைக்கு ஒரு பூட்டும் இல்லை எண்டு வையுங்கோ. இண்டைய விலைக்குப் பாதியை விப்பியளோ, மாட்டியளோ?"

"இந்த விலைக்கோ? கட்டாயம் விப்பன். ரோல்ஃபே போன கிழமை என்னட்டை மெல்லமாக் கேட்டவர், பாதியைப் பூட்டினால் என்ன எண்டு. ஈஸ்டர் முடிய ஒஸ்லோவுக்கு போன் அடிச்சுக் கதைக்கப் போறாராம்."

"அப்ப ஆருக்காகத் திருப்பி வாங்கிறியள்?"

அவள் சிரித்தாள். அது சந்தோசச் சிரிப்பு இல்லை.

"ரோல்ஃபுக்காக," என்றாள்.

என்ன செய்வது என்று என்னைக் கேட்டாள். அதை நான் சொல்லக்கூடாது, நீங்கள் வாங்கச் சொன்னால் இந்த நிமிடமே வாங்குவேன் என்றேன். அவள் வாங்கச் சொல்லவில்லை. தனக்குத்தானே கதைப்பது போல, ஷேஃபுக்குக் காசு பிரச்சினை இல்லை, விலை ஏறும்போது தனக்கு ஒன்றும் இல்லை என்று ரோல்ஃபுக்கு முன்னால் வாய் மூடி இருப்பதுதான் பிரச்சினை என்றாள். விலை இன்னும் ஏறினால் அவருக்கும் கொஞ்சம் வரும் என்று ஆக்கினால் போதாதோ என்று கேட்டாள்.

போதும். அதற்குத்தான் ஒப்ஷன் இருக்கிறது. குறித்த ஒரு விலைக்கு மேலே போனால் அந்த மேல்மிச்சம் உங்களுக்கு வரும். அந்த உரிமைக்கு முதலே ஒரு கட்டணம் கட்ட வேண்டும். விலை ஏறாவிட்டால் கட்டியது போனதுதான், வேறு நட்டம் இல்லை. பூட்டை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஒப்ஷனை வாங்கி வைத்தால் கீழே விழாமலும் இருக்கலாம், மேலே பார்த்துச் சிரிக்கவும் செய்யலாம். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. நாங்கள் அந்தத் தொலைபேசியிலேயே இதற்கு 'ரோல்ஃப் ஒப்ஷன்' என்று பெயர் வைத்தோம்.

இனி விற்க ஆள் வேண்டும், வாங்கச் சம்மதம் வேண்டும். ஒஸ்லோவில் ஒருவரும் இல்லை. லண்டனில் ஒருவர் மட்டும் மேசையில் இருந்தார். அவரிடமும் ஹித்தை இல்லை போலும். அவர் விலை சொன்னார். ஆனால் ஆர்னேக்கு அழைப்புப் போகவில்லை, 'டெக்னிங்', அதாவது தொடர்பு, இல்லை என்று சுகந்தினி திரும்பத் திரும்பச் சொன்னாள். லண்டன்காரர் சாப்பிடப் போக வேண்டும் என்று முணுமுணுத்தார். என் தொலைபேசியையும் பக்கத்து மேசைத் தொலைபேசியையும் இரண்டு காதில் வைத்துக்கொண்டு, சம்மதம் இல்லாமல் வாங்கவும் மாட்டேன், விலையை விடவும் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். இதைத்தான் உங்கள் வேலை விளம்பரத்தில் அழுத்தத்தைக் கையாளும் திறன் என்று போடுகிறார்கள்.

நல்லகாலம், ஆர்னே பொறுமை இல்லாத மனிதர். வாங்கிவிட்டாயா என்று கேட்கத் தானாகவே மறுபடியும் மேட்டுக்கு ஏறி அழைத்தார். சுகந்தினி சொன்னதை முழுவதும் கேட்டார். கட்டணம் எவ்வளவு என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். விலை இன்னும் ஏறினால் எனக்கும் வரும் என்று நான் மற்றவர்களிடம் சொல்லலாமா?

"சொல்லலாம் எண்டனான், அண்ணை," என்றாள் அவள். "அப்ப வாங்கு எண்டிட்டார்."

வாங்கினேன். சந்தை மூடியது. வருசப் பிறப்புக்குச் சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு மனிதனின் பண்ணையைக் காப்பாற்ற அவனுக்கு ஹித்தையில் சொல்ல ஒரு வசனம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

ஈஸ்டருக்குப் பிறகும் விலை கொஞ்ச நாள் ஏறியது. ஆர்னே குசினி ஜன்னலைப் பார்த்துக் கோப்பி குடித்தார். பிறகு விலை நின்றது, இறங்கியது, குளிர்காலத்தில் விழுந்தது. ஒப்ஷன் ஒன்றுக்கும் உதவாமல் காலாவதியானது. பூட்டி வைத்த பாதி, பண்ணையைத் தாங்கியது. ஒருவருடைய வேலையும் போகவில்லை. கடையில் அதே மனுசி சுகந்தினியின் தாயிடம், ஆர்னே எவ்வளவு தூரநோக்குள்ளவர் பார்த்தாயா என்றாளாம். தாய் ஓம் என்று சொல்லிவிட்டுச் சாமானோடு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில் வரி விபரம் வெளிவந்தது. அது எப்போதும் முந்தின வருடத்துக் கணக்கு. ஆகவே அந்தத் தீவின் பணக்காரர் வரிசையில் முதலாவதாக, விலை ஏறிய வருடத்து வருமானத்தோடு ரோல்ஃபின் பெயர் பத்திரிகையில் வந்தது. அதே கிழமை அவருடைய படகை வங்கி எடுத்துக்கொண்டு போனது. ஆர்னே பத்திரிகையைக் கொண்டுவந்து சுகந்தினியின் மேசையில் போட்டு, பார், அவன் முதலாவது, நான் எங்கேயோ கீழே கிடக்கிறேன் என்று கோபித்தார். போதாததற்கு, ஒன்றும் வராத அந்த ஒப்ஷனுக்கு ஏன் காசைக் கொட்டினாய் என்றும் கேட்டார். இதைச் சொல்லும்போது சுகந்தினி நன்றாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் உங்களுக்கு நான் நல்ல பகிடிக் கதை ஒன்று தந்திருப்பேன்.

சில மாதங்கள் கழித்து அவள் மறுபடியும் அழைத்தாள். அடுத்த வருடத்து மீனில் பாதியைப் பூட்ட வேண்டும் என்றாள். ரோல்ஃப் ஒப்ஷனும் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ரோல்ஃபின் பண்ணையைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது, ரோல்ஃப் இப்போது ஆர்னேயிடம் தீனிப் படகு ஓட்டுகிறார் என்றாள். பிறகு குரல் தணிந்தது.

"ரோல்ஃப் நேற்று என்ர அறைக்கு வந்து இருந்தவர், அண்ணை. ஆரோடையும் கோபம் இல்லை. சும்மா கதைச்சவர். அண்டைக்கு ஹித்தையிலை, ஈஸ்டர் முடிய ஒஸ்லோவுக்கு அடிச்சுப் பாதியை விக்கிறதெண்டு முடிவோடைதான் இருந்தனான் எண்டார். பேந்து ஆர்னே மேட்டிலை இருந்து சிரிச்சுக்கொண்டு இறங்கி வந்தவராம். விலை இன்னும் ஏறினால் எனக்கும் வரும் எண்டு அடுப்படியிலை எல்லாருக்கும் சொன்னவராம். அந்தப் பயந்தாங்கொள்ளியே ஏறும் எண்டு நம்பேக்கை நான் ஏன் விக்க வேணும் எண்டு விட்டுட்டாராம்."

ஆர்னேக்கு வாங்கிக் கொடுத்த வசனத்தை ரோல்ஃபும் கேட்பார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

"அது என்ன சாமான், அந்த ஒப்ஷன், எனக்கும் விளங்கப்படுத்து எண்டு கேட்டார்," என்றாள். "ஒரு பேப்பர் எடுத்து வடிவா விளங்கப்படுத்தினனான். விலை, கட்டணம், காலம் எல்லாம் சொன்னனான். ஏன் வாங்கினது எண்டு மட்டும் சொல்லேல்லை. அதுக்கு வைச்ச பேரையும் சொல்லேல்லை."

"விளங்கினதாமோ?"

"உடன விளங்கியிட்டுது, அண்ணை. ஆர்னேயைவிடக் கெதியா. நல்ல சாமான் எண்டு சொல்லி, கோப்பியைக் குடிச்சு முடிச்சிட்டு, மீனுக்குத் தீனி போட வேணும் எண்டு எழும்பிப் போனவர்."

பாதியைப் பூட்டச் சொல்லி அவள் தந்த ஓடரைத் திரும்ப வாசித்துக் காட்டினேன். சரி என்றாள். போட்டேன்.